மரவாடித் தெருவில் குடியிருந்தவள்

இந்த மலாய் நாட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்து நின்றால் முதலில் கேட்பது அவள் பெயரை அல்ல, நம்பரை. கூலிகளின் வரிசை வீடுகளில் எத்தனாம் லயம், எத்தனாம் வீடு, செக்ரோலில் எத்தனாம் ஆள்? நம் ஊர்ப் பக்கத்தில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்றுதான். வந்த புதிதில் இந்த வித்தியாசம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது இரண்டு கேள்விகளையும் கேட்கப் பயமாக இருக்கிறது.

செக்ரோல் என்பது தோட்டத்து ஆள் பதிவேடு. அதில் பெயர் உள்ள பெண்ணுக்குப் பேறுகாலத்தில் கட்டில் உண்டு, மருந்து உண்டு, மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் சீனத்துத் தாதியின் பார்வை உண்டு. பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணாக இருந்தால் அவள் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். அந்தப் பதிவேட்டை எழுதும் கிராணி நான். மானகிரியில் பிறந்து, பள்ளத்தூருக்கு நடந்து போய்ப் படித்ததற்கு எனக்குக் கிடைத்த வேலை இது. பெயர் இல்லாத பெண்களை வாசலிலிருந்தே பல தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதி அப்படி இருக்கும்போது நாம் என்ன செய்வது என்று, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

என் ஒரே மகள் அழகம்மாளைக் காரைக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தேன். மாப்பிள்ளைக்கு மரம் விற்கும் மரவாடியில் கூலி வேலை. மரவாடித் தெருவில் ஒற்றை அறையில் குடித்தனம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஏழைப் பெண்களுக்கென்று ஓர் இலவசப் பிரசவ விடுதி வந்திருந்தது. டவுன் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை. மகள் உண்டாகியிருக்கும் செய்தி கப்பலில் வந்தபோது அதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. என் மனைவிக்கு நான் எழுதியது இது: ஏழாம் மாதமே பிள்ளையை நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடு. தலைப்பிரசவம் நம் பொறுப்பு. நான் அக்கரையில் இருப்பதால் நம்மால் முடியவில்லை என்று யாரும் பேச இடம் கொடுக்காதே. யார் கேட்டாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்.

அவள் சொன்னாள். அதுதான் நடந்தது.

செய்தி கிடைத்து, லீவு வாங்கி, கப்பலேறி நான் போய்ச் சேர்ந்தபோது முப்பதாம் நாள் காரியமும் கழிந்திருந்தது. மனைவி அழவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். விடிந்ததிலிருந்து வலி. மருத்துவச்சி வெயில் ஏறும் வரை பார்த்துவிட்டு, "என் கைய மீறிப் போகுது, டவுனுக்குக் கொண்டுக்கிட்டுப் போங்க" என்றிருக்கிறாள். வைக்கோல் பரப்பி வண்டி கட்டி, விடுதி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே பதிவு எழுதும் அம்மாள் கேட்டிருக்கிறாள்.

"எந்த ஊரு?"

"மானகிரிங்க."

"புருசன் வீடு எங்குட்டு இருக்கு?"

"அது எதுக்குங்க? தலைப்பிரசவம். எங்க வீட்டுப் பிள்ளைதான்."

"மானகிரின்னா எல்லைக்கு வெளிய. இங்க எடுக்க முடியாதே ஆத்தா."

வண்டிக்குள்ளிருந்து அழகம்மாள், "ஆத்தா, எங்க தெருப் பேரச் சொல்லேன்" என்றாளாம். "சும்மா இரு. அய்யா என்ன எழுதியிருக்காக?" என்று இவள் அடக்கினாளாம். மாடுகளைத் திருப்பிய பிறகு இவளுக்கு நெஞ்சு கேட்கவில்லை. இறங்கி ஓடிப்போய், "மரவாடித் தெருதாங்க, அங்கதான் குடியிருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். "வாரவுக எல்லாரும் இப்படித்தான் மாத்திச் சொல்றீக. மொதல்ல சொன்னது எது, இப்பச் சொல்றது எது?"

அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பும் வழியிலேயே, பொழுது சாய்வதற்குள், வண்டியில் பிள்ளை பிறந்தது. பெண். அது தங்கியது. பெற்றவள் வீடு வந்து சேரவில்லை. சொல்லி முடித்துவிட்டு என் மனைவி அரிசிப் பானைக்குள் கையை விட்டு என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். "நீங்க எழுதுனபடிதான் செஞ்சேன்" என்றாள். நான் திரும்பக் கப்பலேறும் வரை எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை.

போன வாரம் இங்கே ஆறாம் லயத்துக் கிழவி ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிழவி நம் பக்கத்துக் கண்டரமாணிக்கத்துக்காரி. பெண்ணின் பெயர் செல்லம்மா. மிஸ்ஸி, "ரூமா மானா?" என்றாள். வீடு எது என்று கேட்கிறாள். கிழவிக்கு அந்த அளவு மலாய் தெரியும். ஆறாம் லயத்தைக் காட்டினாள். மிஸ்ஸி ஆறாம் லயத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர் இல்லை என்று என் பக்கம் தள்ளினாள்.

"புருசன் எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன்.

"ஆத்துக்கு அங்குட்டு உள்ள தோட்டம். அத எதுக்குக் கேக்குறீக கிராணி ஐயா? தலைப்பிரசவத்துக்கு நான் கூட்டியாந்திருக்கேன். உங்க வீட்டுல பொம்பளப் பிள்ளையே பிறக்கலையாக்கும், இந்த மொறைகூடத் தெரியாமக் கேக்குறீக?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடல் தாண்டி வந்தும் முறையை நாம் விடவில்லை. எல்லை போட்டவர்களும் எல்லையை விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

இதைச் செய்வது சரி என்று நான் எழுதவில்லை. துரைக்குத் தெரிந்தால் என் வேலை போகும். ஆறாம் லயத்தில், கிழவியின் பெயருக்குக் கீழே, அன்று வேலைக்குச் சேர்ந்த ஆளாகச் செல்லம்மாவைப் பதிந்தேன். மிஸ்ஸி எட்டிப் பார்த்து, "ஓராங் சினி?" என்றாள். இந்த இடத்து ஆள்தானா? "சினி" என்றேன், இங்கேதான். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப்போல அக்கரையிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளையை அழைத்து வருவதற்கு முன்னால் எந்த எல்லைக்குள் அவளுக்குக் கட்டில் கிடைக்கும் என்று விசாரியுங்கள். புருசன் வீட்டுத் தெருவைச் சொல்வதால் நம் மானம் எங்கும் போய்விடாது. என் பேத்தி பத்து நாள் மானகிரியிலும் பத்து நாள் காரைக்குடியிலும் வளர்கிறாள். அவளை எந்த ஊர் என்று கேட்டால் நாளை என்ன சொல்வாளோ.

அன்று மாலை செல்லம்மாவுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. மறுநாள் காலை மிஸ்ஸியும் நானும் பிரசவப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, செல்லம்மா முன்பு குடியிருந்த இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது. என்னை அறியாமல் என் வாய், "மரவாடித் தெரு" என்றது. சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மிஸ்ஸி பேனாவை நிறுத்தினாள். "மானா இத்து?" அது எங்கே இருக்கிறது?

"ஜாவூ" என்றேன். தூரம் என்று அர்த்தம்.