வேலி இல்லாத வயல்கள்

வில்லரே என்ற பிரெஞ்சு பேசும் ஊரில், மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்த காலம். மகள் ஆறாம் வகுப்பு. பாடமெல்லாம் பிரெஞ்சு. அவளுடைய புத்தகத்தைத் திறந்தால் எனக்குப் படம் மட்டும்தான் விளங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்கு வேலை. வீட்டில் நானும் மகளும்தான். அவளுடைய அறைக்கதவு சாத்தியிருக்கும்.

ஒரு ஞாயிறு, பெரிய காகித மட்டையொன்றைத் தூக்கிக்கொண்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தாள். முந்திய காலத்து ஸ்பெயின் கிராமம் ஒன்றின் மாதிரியைப் பள்ளிக்கூடத்துக்குச் செய்துகொண்டு போகவேண்டுமாம். நடுவில் தேவாலயமும் வீடுகளும், ஓடைக்கரையில் மரக்கறித் தோட்டம், அதற்கப்பால் கோதுமை வயல், சரிவில் திராட்சை, கடைசியில் விறகுக்குக் காடு. சனங்கள் உழுது விதைத்துத்தான் அந்த நிலத்துக்கு அப்படியொரு உருவம் வந்தது என்றாள்.

"அப்பா, வயலும் தோட்டமும் நீங்கள் செய்யுறீங்களோ?"

அவள் என்னிடம் ஒன்று கேட்டுக் கனகாலம். இதைச் சரியாகச் செய்துகொடுத்தால் அடுத்த முறையும் கேட்பாள் என்று நினைத்தேன்.

அவள் அறைக்குள் வீடுகளை ஒட்டினாள். நான் மட்டையில் களிமண் பரப்பி, மஞ்சள் பூசி, வயல் வயலாகப் பிரித்து, ஓடைக்கரையில் தோட்டமும் வைத்தேன். பிறகு தீக்குச்சிகளைப் பாதியாக முறித்து நட்டு, ஒவ்வொன்றுக்கும் வேலி அடைத்தேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் வேலி இல்லாவிட்டால் அதைக் காணி என்றே சொல்லமாட்டோம். பின்னேரம்வரை குனிந்த தலை நிமிரவில்லை.

மகள் வந்து பார்த்தாள்.

"ஐயோ அப்பா. அங்கத்தைச் சனம் வயலுக்கு வேலி அடைக்கிறேல்லை."

"வேலி இல்லாட்டி ஆருடைய காணி எண்டு எப்பிடித் தெரியும்?"

"மூலைக்கு ஒரு கல்லு வைப்பினம். அறுத்து முடிஞ்சா ஊர் ஆடெல்லாம் எல்லாற்ற வயலுக்கையும் மேயும். வேலி போட்டா அதுகள் எப்பிடிப் போறது?"

"அப்ப எல்லைச் சண்டை வராதோ?"

"அது உங்கட ஊரில, அப்பா."

ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கினாள். பிடுங்கிய குச்சிகளைப் போட நான் ஒரு கோப்பையை நீட்டிப் பிடித்தேன். வயல்வெளி ஆளரவமில்லாமல் விரிந்து கிடந்தது. ஓடைக்கரைக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"இது இருக்கட்டும். தோட்டத்துக்கு மட்டும் வேலி போட்டவை. ஆடு தின்னாமல்."

மட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த முறை ஏதோ எரிமலை செய்யச் சொன்னார்களாம். அதற்குச் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த கிராமம் குசினி யன்னலடியில் கிடந்தது. ஞாயிறுகளில் தேத்தண்ணியோடு அதன் முன்னால் இருப்பேன். என்னுடைய வேலி இன்னும் அந்தத் தோட்டத்தைச் சுற்றி நின்றது.