ஆலாப் படத்துக்கு உரியவள்

வாரம் முழுக்கத் திண்டுக்கல் பள்ளியில் கணக்கு நடத்துவாள் பிரிஸ்கில்லா டீச்சர். சனிக்கிழமை விடிந்தால் போதும், கார் தலையில் கயாக் படகைக் கட்டிக்கொண்டு, நத்தம் மாந்தோப்புகளைத் தாண்டித் தொண்டிக் கடலுக்குக் கிளம்பிவிடுவாள். "புருசன் போன பெறகு இவளுக்குப் படகுச் சவாரி கேக்குதாக்கும்" என்று தெரு பேசியது. பேசட்டுமே! கணவன் பெலிக்ஸ் கடைசியாக வாங்கித் தந்த கேமரா அவள் மடியில் இருக்கும். தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து கிடக்கும் அந்தப் படகில் அசையாமல் உட்கார்ந்தால், கடற்பறவைகள் பயமில்லாமல் பக்கத்தில் வரும்.

அப்படித்தான் ஒருநாள், ஆண் ஆலாப் பறவை ஒன்று பறந்து வந்து தன் இணைக்கு மீன் ஊட்டுவதைப் படமெடுத்தாள். அன்று பெலிக்ஸின் நினைவு நாள். கேமராவை நெஞ்சோடு அணைத்துக் குலுங்கி அழுதாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி, ஸ்டுடியோ வைத்திருந்த கொழுந்தன் டோனியிடம் கொடுத்தாள். பாவி, தன் பெயரைப் போட்டுக் கொடைரோடு ஹோட்டல் முதலாளி ஆனந்த்ராஜிடம் நீட்டிவிட்டான்! ஹோட்டல் திறப்பு விழாவில் அந்தப் படத்துக்காக டோனிக்குப் பொன்னாடை போர்த்தியபோது, கூட்டத்தில் நின்று பார்த்தாள் பிரிஸ்கில்லா.

"ஒரு படத்துக்குப் போயி இம்புட்டுக் கோவமா மதினி? ஒரே வீட்டுக்குள்ள என்ன உங்க பேரு, எம்பேரு?" என்று சிரித்தான் டோனி.

அவள் உள்ளே கொதித்ததை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஆனந்த்ராஜ் இன்னும் நாலு பறவைப் படம் கேட்டதும் டோனி ஓடி வந்தான். "மதினி, ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்."

"அதுக்கென்ன தம்பி, வாங்க" என்றாள், தேன் ஒழுக.

அவளுடைய படகையும் டோனிக்கு வாடகைக்கு எடுத்த படகையும் இறக்கியபோது கடல் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. எங்கே ஆழம், எங்கே சேறு என்பது அவளுக்கு அத்துப்படி. தான் ஆழமான ஓடையில் படகை நிறுத்திக்கொண்டு, "அந்தா, அந்தத் திட்டுல அம்புட்டும் ஆலா. நேரா விடுங்க" என்று கை காட்டினாள். ஆசை ஆசையாகத் துடுப்புப் போட்டான் டோனி. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்த தண்ணீர் நழுவிப் போக, படகு சேற்றில் உட்கார்ந்தது. இறங்கித் தள்ளப் பார்த்தான். முழங்கால்வரை சேறு இழுத்தது. அலறிக்கொண்டு படகில் ஏறிக்கொண்டான்.

"மதினி! கயிறப் போடுங்க!"

"மொதல்ல ஆனந்த்ராஜுக்குப் போனப் போடுங்க தம்பி. ஸ்பீக்கர்ல."

"ஐயோ, என் மானமே போயிரும்!"

"அன்னைக்குத் திறப்பு விழாவுல எனக்குப் போனது என்னதாம்?"

"அண்ணன் இருந்தா என்னய இப்படி விட்டிருப்பாரா?"

பிரிஸ்கில்லாவின் கண்கள் சிவந்தன. "அவரு பேர எடுக்காதடா! அவரு நினைவு நாள்ல எடுத்த படம்டா அது!"

டோனியின் முகம் செத்துப்போனது. போனை அமுக்கினான். "சார்... அந்த ஆலாப் படம் நான் எடுத்ததில்ல. எங்க மதினி எடுத்தது."

"அப்பறம் என்னத்துக்குய்யா பொன்னாடைக்குக் கழுத்த நீட்டின?" என்று சீறினார் ஆனந்த்ராஜ். "அவங்க பேரென்ன?"

அவன் வாயிலிருந்து தன் பெயர் வருவதைக்கூட அவள் பொறுக்கவில்லை. "பிரிஸ்கில்லா பெலிக்ஸ்!" என்று கத்தினாள். திட்டிலிருந்த பறவைகள் மொத்தமும் எழுந்து பறந்தன.

"இப்பவாச்சும் கயிறு..." என்று கும்பிட்டான் டோனி.

மனசுக்குள் இரக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். பொட்டளவும் இல்லை.

"சாயங்காலம் தண்ணி தானா ஏறும், படகும் தானா மெதக்கும்" என்றபடி பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள். "அதுவரைக்கும் நானும் இங்கனதான் இருப்பேன். அசையாம உக்காருங்க தம்பி. பறவை திரும்பி வரட்டும்."