சாத்தாத கதவு

அலபாமாவின் வட கோடியில் இருக்கும் அந்தக் காலுறை ஆலை ஊரில் வெர்லீன் டிட்மோரைத் தெரியாதவர் கிடையாது. நேரில் பழகித் தெரிந்துகொண்டவர்களைவிடப் பாட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களே அதிகம். அவள் புருஷன் டாயில் எழுதிப் பாடிய பாட்டு அது. கொட்டும் மழையில் ஒருவன் தன் வீட்டு வாசலில் நின்று தட்டோ தட்டென்று தட்டுகிறான். உள்ளே இருக்கிற கல்நெஞ்சக்காரி கடைசிவரை திறக்கவே இல்லை.

நடந்தது வேறு. டாயில் ஒரு மார்ச் மாதம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, பாட்டுக்காரர்கள் பிழைப்புத் தேடிப் போகும் நாஷ்வில்லுக்குப் போனான். போனவன் போனவன்தான். இவள் வாசல் விளக்கை அணைக்காமல், தாழ்ப்பாள் போடாமல் காத்துக் கிடந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அந்தப் பாட்டை அவள் முதலில் கேட்டது ஆலையில், காலுறையின் விரல் பக்கத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது. வானொலியில் ஓடியது. மழையில் நிற்கிறவனை நினைத்து அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நல்ல பாட்டு. கதவு யாருடையது என்று பிறகுதான் உறைத்தது.

மறுத்துச் சொல்லிப் பார்த்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பெண்டாட்டி விட்டுப்போன ஒருவன் கென்டக்கியிலிருந்து வண்டி ஓட்டி வந்து, இவள் வேலிக்கு வெளியே நின்று திட்டிவிட்டுப் போனான். திட்டி முடித்ததும் தண்ணீர் கேட்டான். காப்பியே போட்டுக் கொடுத்தாள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது டாயிலின் சாவுதான். ஓக்லஹோமாவில் கார் உருண்டு செத்துப்போனான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவருவது அந்த ஊர் வழக்கம். வெர்லீன் மேஜையைத் துடைத்து, குளிர்பெட்டியில் இடம் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாப் பாத்திரமும் மாமியார் வீட்டுக்கே போயின. எதிர்வீட்டு இமோஜீனும் துணி மூடிய பாத்திரத்தோடு இவள் ஜன்னலைத் தாண்டித்தான் போனாள். தான் தாலிகட்டிய மனைவி இல்லையா என்று நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் கேட்டிருப்பாள். வெர்லீன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அழக்கூட இல்லை. கூட அழ ஆளில்லாமல் எப்படி அழுவது?

தலை நரைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டாயிலுக்கு ஊர் நினைவகம் கட்டியது. அந்தக் கதவைத் தரமுடியுமா என்று திறப்பு விழாக்குழுவினர் நயமாகக் கேட்டார்கள். தாராளமாகக் கழற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மேடையில் பாட்டுக்கு முன்னால் நான் பேச வேண்டும் என்றாள். புதுக்கதவு திங்கட்கிழமை வரும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமையே கழற்றிக்கொண்டு போனார்கள். வெறும் கதவுநிலையில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள்.

சனிக்கிழமை மைதானம் நிறைந்த கூட்டம். கதவை மேடை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். வெர்லீன் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள்.

"அவரு தட்டவே இல்லீங்க. வரவும் இல்ல. கதவு தெறந்துதான் கெடந்துச்சு."

முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாவம், வயசான காலத்தில் செய்ததை நினைத்து உருகுகிறாள், திறந்திருக்கலாமே என்று ஏங்குகிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாத்தியக்காரர்கள் பாட்டை எடுத்தார்கள். ஊரே பாடியது. இரண்டாவது அடியில் பார்த்தால் வெர்லீனின் வாயும் பாடிக்கொண்டிருந்தது. கீழே இறங்கியபோது ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்து, தான் அவளை மன்னித்துவிட்டதாகப் பெருந்தன்மையோடு சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடுவரை அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு வந்த நேரம், வாசல் நிலையில் யாரோ தட்டினார்கள். விரிப்பை விலக்கினால் இமோஜீன். கையில் துணி மூடிய பாத்திரம்.

"தட்டக் கதவில்லாம நிலையத் தட்டுறேன்டி," என்றாள் இமோஜீன். பிறகு அவள் குரல் இறங்கியது. "டாயில் செத்தன்னைக்கே ஒனக்குக் கொண்டாந்திருக்கணும். ஒன் வாசல் வெளக்கு வருசக்கணக்கா எரிஞ்சத எதிர்வீட்டுல இருந்து பாத்தவ நான். பாத்துட்டும் பாட்டத்தான் நம்புனேன்."

வெர்லீன் பாத்திரத்தை வாங்கினாள். அடி இன்னும் சுட்டது.

"கோழியா?"

"கோழிதான். இப்பத்தான் அடுப்புலேந்து எடுத்தேன்."

"உள்ள வா," என்றாள் வெர்லீன். "மொதல்ல கொஞ்சம் அழுதுக்கறேன். அப்புறம் சாப்பிடலாம்."