அழகையாவுக்குப் போட்டியாக வந்த புத்தகம்

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நெல்சனின் புத்தகக் கடை ஒரு அலமாரி அகலம்தான். குறுக்கே இரண்டு கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பான். வேகமாகப் போகிற சரக்கு முன் கயிற்றில், மெதுவாகப் போவது பின் கயிற்றில். போகவே போகாதது மூட்டைக்குள். முன் கயிற்றைப் பார்த்தாலே அந்த வாரம் குன்னூர் எதைப் படிக்கிறது என்று தெரிந்துவிடும்.

அதைப் பார்ப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிறங்கி வருவார் அழகையா. பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் பெயர் வந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். இலங்கையில் இருந்தபோது திருவிழா நாடகங்களுக்கு வசனம் எழுதியவர். இங்கே வந்த பிறகு, கப்பலேறி வந்த கதையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. பாதி எழுதியதை எடுத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பவுல்ராஜிடம் போனார்.

பவுல்ராஜ் நாலு பக்கம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "எழுதறது பெரிசில்லீங்க. இப்ப எது ஓடுது, உங்களுதுக்கு எது போட்டின்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் அச்சுக் கோக்கலாம்."

அன்றிலிருந்துதான் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. ராசிபலனை யாரும் அசைக்க முடியவில்லை. அதற்கு அடுத்து சினிமாப் பாட்டு. பிறகு மாத நாவல்கள். அட்டையில் கத்தி இருந்தால் ஊட்டி பஸ் புறப்படுவதற்குள் போய்விடும். நின்றபடியே அவற்றையெல்லாம் படித்தார் அழகையா. நெல்சன் நல்லவன், ஒன்றும் சொல்லமாட்டான்.

வீட்டுக்குப் போனதும் தன் கதையில் ஒரு கொலையைச் சேர்த்தார். கப்பலின் மேல்தட்டில் ஒரு பிணம். எழுதியதை மனைவி கருப்பம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"யாருங்க செத்தது?"

"கதைக்கு ஒருத்தன்."

"நம்ம கப்பல்ல ஒருத்தரும் சாகலியே. நல்லபடியா வந்து சேந்தவங்கள எதுக்குச் சாவடிக்கிறீங்க?"

அவருக்குக் கோபம்தான் வந்தது. விற்பனையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நெல்சன் அவரைத் தூரத்திலேயே பார்த்துக் கையசைத்தான். "ஏனுங்க, உங்க கதைய வேற யாரோ எழுதிட்டாங்க போலிருக்குது!"

முன் கயிற்றின் நடுவில் ஒரு புதுப் புத்தகம். அட்டையில் கப்பல், தலையில் கைவைத்து அழும் பெண். மதராஸில் யாரோ எழுதியது. வந்த வேகத்தில் பாதிக்கட்டு போய்விட்டதாம். அழகையா அதைக் கிளிப்பிலிருந்து உருவி எடுத்தார். காசு கொடுத்து அவர் வாங்கிய முதல் புத்தகம் அதுதான்.

வீட்டில் அதைப் படிக்கப் படிக்க முகம் சுண்டிப்போயிற்று. "நம்மளவிட நல்லா எழுதியிருக்கான். இனி நான் எதுக்கு எழுதணும்?" என்று உட்கார்ந்துவிட்டார்.

"எங்க, படிங்க கேப்போம்" என்றாள் கருப்பம்மா.

படித்தார். தோட்டத்தில் அழுதார்கள், தலைமன்னாரில் அழுதார்கள், கப்பலில் ஏறியதிலிருந்து ராமேஸ்வரத்தில் இறங்கும் வரை விடாமல் அழுதார்கள். கருப்பம்மா முதலில் புடவையால் வாயை மூடினாள். பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள்.

"அழுவுறதுக்கு எங்கங்க நேரம்? நான் வாந்தி எடுத்துட்டே வந்தேன். நீங்க பெட்டிமேல ஏறி உக்காந்து யாரையும் கிட்ட விடல. பழனியாண்டி அண்ணன் கோழிய துப்பட்டியில சுத்தி, புள்ளைன்னு சொல்லி கொண்டாந்தாரே, அது இதுல இருக்கா?"

இல்லை. அழகையாவின் கதையிலும் இல்லை. சுங்கத்தில் துப்பட்டிக்குள்ளிருந்து கொக்கரிப்புக் கேட்டதையும், அந்த அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "புள்ளைக்கு இருமல் போல, காத்துப்படாம கொண்டு போ" என்று விட்டதையும் அவர் மறந்தே போயிருந்தார். சிரிப்பு அடங்கிய பிறகு கருப்பம்மா மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மா ரயிலடிக்கு வரமாட்டேன்னுட்டா. கொழுந்தெடுக்கப் போயிட்டா. அன்னிக்கும் அழுவல, அவளும் நானும்."

பிணத்தைக் கடலில் போட்டுவிட்டு அழகையா மறுபடி முதலிலிருந்து எழுதினார். இந்த முறை நெல்சன் கடைக்குப் போகவில்லை.

பவுல்ராஜ் பத்திரிகை அடித்து மிஞ்சிய தாள்களிலேயே அதை அச்சடித்துக் கொடுத்தார். சில பக்கம் மஞ்சள், சில பக்கம் ரோஸ். நெல்சன் பின் கயிற்றில் ஓரமாக மாட்டினான்.

முதல் வம்பு பழனியாண்டியிடமிருந்து வந்தது. தேயிலைக் காட்டு நடுவில் வழிமறித்தார்.

"என்னைய கோழி திருடன்னு எழுதிட்டியாமே?"

"திருடன்னு எழுதலண்ணே. உங்க கோழியத்தானே நீங்க கொண்டாந்தீங்க."

"அப்ப படி."

அங்கேயே நின்று அழகையா படித்தார். கவ்வாத்துக் கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பழனியாண்டி கேட்டார். முடிந்ததும் கத்தியைத் தோள் மாற்றிக்கொண்டார். "அந்த ஆப்பீசரு நல்ல மனுசன்யா" என்றார் கடைசியில். சம்பள வாரம் குன்னூருக்குப் போய் அவர் ஒரு பிரதி வாங்கினார். அவர் வாங்கியதைப் பார்த்து லயத்துக் குடியிருப்பில் மற்றவர்களும் வாங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூட வாங்கினார்கள்.

ஆனால் மதராஸ் புத்தகத்தை அழகையாவால் முந்த முடியவில்லை. அது முன் கயிற்றிலேயே இருந்தது, இரண்டாம் பதிப்பும் வந்தது. நெல்சன் மறைக்காமல் சொன்னான்: "அத ஊட்டிக்கு வர்றவங்க வாங்கறாங்க. உங்களுத உங்க ஆளுங்க வாங்கறாங்க. எண்ணிக்கையில அதுதானுங்க ஜாஸ்தி."

அழகையாவுக்கு அது வலிக்காமல் இல்லை. கடைவீதியில் மிளகாய் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினார். கூடலூர் பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பெண்கள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்து ஓவேலிப் பக்கம் குடியேறியவர்களாக இருக்க வேண்டும், பேச்சில் தெரிந்தது. ஒருத்தி அவர் புத்தகத்தை எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க, மற்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்டக்டர் விசிலடித்தார். சிரித்தவள் எழுந்தாள்.

"இருடி, ரயிலடிக் கட்டம் வந்துருச்சு. இத முடிச்சிட்டு அடுத்த பஸ்ல போலாம்" என்றாள் மற்றவள்.

பஸ் போய்விட்டது. அழகையா மிளகாய்ப் பொட்டலத்தோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். தான்தான் எழுதியது என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. அவர்கள் முடிக்கும் வரை அங்கேயே நின்றிருந்தார்.