வெர்னா வீட்டுப் படிவம்

ஹார்லன் ஃபால்ஸ் என்ற அந்தச் சின்ன அமெரிக்க ஊரில் எந்தக் கதவை எத்தனை மணிக்குத் தட்டினால் திறக்கும் என்று வெர்னா ஹூக்ஸ்ட்ராவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இருபத்தொன்பது வருஷம் காகித ஆலையில் பேக்கிங் பிரிவில் நின்றவளாயிற்றே! யாருக்குப் பகல் ஷிப்ட், யார் ராத்திரி ஷிப்ட் முடித்து வெளிச்சம் வராமல் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு மத்தியானம் வரை தூங்குகிறவர், எல்லாம் மனப்பாடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தபோது அவளுக்கு உடனே வேலை கிடைத்தது. வெளியூர்க்காரன் ஒருவன் காலை பத்து மணிக்குத் தட்டிப் பார்த்து, ஆளில்லாத வீடு என்று எழுதிவிட்டுப் போன மூன்று வீடுகளில் பதினோரு பேரைக் கண்டுபிடித்தாள்.

ஆலையில் ஒரு இயந்திரத்தை நிறுத்தியதிலிருந்து இளவட்டங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். தலைக்கணக்கு ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கி, அரசாங்கத்திலிருந்து வரும் பணம் குறைந்துவிடுமோ என்று ஊருக்கே பயம். ஆளாளுக்கு ஒரு தலையைக் கூட்டிச் சொல்லப் பார்த்தார்கள். வெர்னாவிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. வருஷத்தில் அதிக நாள் எங்கே தூங்குகிறாரோ அங்கேதான் கணக்கு, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு கிளேட்டன், மினியாபொலிஸில் நர்ஸாக இருக்கும் மகளையும் சேர்க்கச் சொன்னார்.

"அவ கட்டில் இன்னும் மாடியிலதான் கிடக்கு, வெர்னா."

"கட்டிலை எண்ண என்னை அனுப்பல, கிளேட்டன். ஆளை எண்ணத்தான் அனுப்பியிருக்காங்க."

"அடேயப்பா! ஊரையே எண்ணுற மகராசி, உன் வீட்டுப் படிவம் மட்டும் மார்ச்சுலேருந்து எழுதாமலே ஃபிரிட்ஜ் கதவுல தொங்குதே, அது என்ன சட்டம்?"

சுருக்கென்றது வெர்னாவுக்கு. காபி குடிக்க வருகிற மனுஷன் காபியை மட்டும் பார்த்தால் என்ன?

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள், மகன் டேரல், டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறான். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அவனுடைய குளிர்காலக் கோட்டு இந்த வீட்டு வாசல் கொக்கியில்தான் தொங்குகிறது. சட்டப்படி அவனை எங்கே எழுத வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? எழுதத்தான் மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு மகனுக்குப் போன் போட்டாள்.

"டேரல், அங்க யாராச்சும் வந்து உங்களை எண்ணினாங்களா?"



"எண்ணிட்டாங்கம்மா. போன மாசமே. இங்கதான் இருக்கேன்னு நானே சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீ அழுவியேன்னுதான்."

"நான் ஏன் அழப்போறேன்!" என்றாள் வெர்னா. கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. "சரியாத்தான் சொல்லியிருக்கே."

"வெள்ளிக்கிழமை வந்துடுவேம்மா. எப்பவும் போல கிளப்புக்கு மீன் சாப்பிடப் போவோம். ஆனா இந்தத் தடவை காசு நான்தான் கொடுப்பேன்."

"அதெல்லாம் கிடையாது. ஊருக்கு வர்ற விருந்தாளியைக் காசு கொடுக்க விடுற வழக்கம் நம்ம ஊர்ல இல்ல."

போனை வைத்தாள். மூக்கைச் சிந்திவிட்டுப் பேனாவை எடுத்தாள். இந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள்.