ஐந்தேகால் பஸ்ஸும் நாற்பது கேள்விகளும்

சப்ளையர் ஆடிட் என்பது, நாம் வரப்போவது தெரிந்து கழுவித் துடைத்து வைத்த இடத்துக்குப் போய் அழுக்கைத் தேடுகிற வேலை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன யூனிட்டுகளில் பத்தொன்பது வருடமாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கையில் நாற்பது கேள்வி கொண்ட செக்லிஸ்ட், கேள்விக்கு ஒரு மார்க். என் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது என்கிற நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் அதிகம். அந்த நம்பிக்கையோடுதான் என் மாமாவுக்கு ஒரு முதியோர் இல்லம் தேடக் கிளம்பினேன். இதே தேடலில் இப்போது அலைந்துகொண்டிருக்கும் சக அவஸ்தைக்காரர்களே, நான் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு நாலு நடையாவது மிச்சமாகும்.

பாஸ் இல்லாத பயணி

மாமா என்றால் அம்மாவின் தம்பி, ராமலிங்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் மண்ணூரில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, என்னை டிப்ளமோ வரை படிக்க வைத்தவர். ஒரு கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்டராக இருபத்தெட்டு வருடம் முதல் ஷிப்ட் பார்த்தவர். இப்போது படப்பையில் எங்கள் வீட்டில் இருக்கிறார். மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. சாப்பிட்டதை மறப்பார், அம்மா இறந்ததை மறப்பார், ஐந்தேகால் கம்பெனி பஸ்ஸை மட்டும் மறக்க மாட்டார். நாலரைக்கு எழுந்து, தானே ஷேவ் செய்து, சட்டையை டக்-இன் பண்ணிக்கொண்டு, காலி டிபன் டப்பாவோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

ஒரு நாள் என் கணவர் நைட் ஷிப்டில் இருந்தார், நான் அசந்து தூங்கிவிட்டேன். மாமா மெயின் ரோட்டுக்குப் போய், கன்டெய்னர் லாரிகள் பறக்கிற அந்த ரோட்டைக் கடந்து, வந்து நின்ற ஏதோ ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டக்-இன் செய்த சட்டையையும் டிபன் டப்பாவையும் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரகடத்தில் ஃபேக்டரி கேட்டில் ஐடி கார்டு கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டப்பாவின் மூடியில் நான் ஒட்டி வைத்திருந்த நம்பரைப் பார்த்து செக்யூரிட்டி போன் செய்தார்.

அவர் அந்த ரோட்டைக் கடந்திருப்பதையே நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன். போய்ப் பார்த்தால் மாமா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த வயதான செக்யூரிட்டி முந்திக்கொண்டார்: "திட்டாதீங்கம்மா. இன்னிக்கு ஷிப்டுக்கு கரெக்ட் டைமுக்கு வந்தது இவரு ஒருத்தர்தான்."

புது பெயின்ட்

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. பார்த்துக்கொள்ள வைத்த அம்மாள் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். இன்னொரு முறை அவர் அந்த ரோட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு ஒரே கவலை. செக்லிஸ்டை எடுத்தேன், உதிரிபாகம் என்று இருந்த இடத்தில் படுக்கை என்று மாற்றினேன், கிளம்பிவிட்டேன்.

முதல் இல்லம் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி. போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போனேன். கேட்டைத் தாண்டியதுமே பெயின்ட் வாசனை. ஆடிட்டுக்கு முந்தின நாள் சுவருக்கு பெயின்ட் அடிக்கிற யூனிட்டில் முதலில் பாத்ரூமைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழில் பாடம். பார்த்தேன். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, தரையில் சோப்புத் தண்ணீர். சரி, கேட்டுவிட்டே போவோம் என்று, மாமா நாலரைக்கே எழுந்து வெளியே கிளம்புகிறவர், அதற்கு என்ன செய்வீர்கள் என்றேன். மேனேஜருக்கு ஒரு கணம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை: "சாயந்தரம் ஒரு மாத்திரை குடுத்துட்டா போதும் மேடம், காலைல ஏழு மணி வரைக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது."

முப்பத்தெட்டு மார்க்

இரண்டாவது இல்லம் என் மனதைக் கொள்ளையடித்துவிட்டது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம். சொல்லாமல் போனேன், அப்போதும் பளபளப்பு. வரிசையாகக் கட்டில்கள், ஒரே நிறத்தில் போர்வை, மேஜை மேல் ஒரு பொருள் இல்லை. கட்டிலுக்கு ஒரு நம்பர், அதே நம்பர் தட்டில், டம்ளரில், துண்டில். எந்தப் பொருள் யாருடையது என்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. எங்கள் சப்ளையர்களிடம் இதைத்தான் வருடக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. என் வாழ்க்கையில் எந்த யூனிட்டுக்கும் நான் அவ்வளவு போட்டதில்லை.

அடுத்த ஞாயிறு மாமாவை அழைத்துப் போனேன். அவரும் என்னைப் போல ஒரு இன்ஸ்பெக்டர்தானே, பிடிக்கும் என்று நினைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டில் கட்டிலாக நின்று நிதானமாகப் பார்த்தார். பதினான்காம் நம்பர் கட்டில் காலியாக இருந்தது, அவருக்கு அதுதான். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். மாமா அவருக்கு வணக்கம் வைத்தார். பெரியவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமா என் பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டார்: "நல்லா அடுக்கி வெச்சிக்கிறாங்க வசந்தி. டிஸ்பேட்ச் எப்போ?"

செல்வின் படித்துப் பார்த்தது

முடிந்த சரக்கை லாரியேற்றி அனுப்புவதற்குச் சொல்கிற அந்த ஒரு வார்த்தை என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. என்னைப் படிக்க வைத்த மனிதரை நான் டிஸ்பேட்ச் பண்ணத்தான் போகிறேனா? அதற்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. கோபத்தை என்னோடு ஆடிட்டுக்கு வருகிற செல்வின் மேல் காட்டினேன். அவர் திருநெல்வேலிக்காரர், எட்டு வருடமாக என் வாயைத் தாங்கிக்கொள்கிறவர். ஒரகடம் டீக்கடையில் உட்கார்ந்து, என் செக்லிஸ்டில் என்ன தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று நீட்டினேன். தப்பு இருக்காது என்கிற தைரியம்தான்.

அவர் நாற்பது கேள்வியையும் படித்தார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பி, அதற்குப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். டீ ஆறிவிட்டது. பிறகு பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தார்: "எக்கா, நாப்பது கேள்வியும் கட்டடத்த பத்தில்லா இருக்கு. மாமாவ பத்தி ஒண்ணையும் காணலியே."

இருபத்தாறு மார்க்

அன்று சாயந்தரமே மாமாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நாலரைக்கு எழுவார். பல் தேய்த்ததும் டீ வேண்டும், சர்க்கரை தூக்கலாக. இடது காது கேட்காது. தாடியைத் தானேதான் மழிப்பார், யாராவது கையைப் பிடித்தால் கத்துவார். ரசத்தை முதலில் ஊற்றினால் சாப்பிட மாட்டார். முந்தின ஷிப்ட் நோட்டைப் படித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு நாளும் லைனில் வேலையை ஆரம்பித்ததில்லை, இதுதான் கடைசி வரி. எழுத எழுத, இதையெல்லாம் எந்த இல்லமும் என்னிடம் கேட்கவில்லை என்பதும், நானும் சொல்லவில்லை என்பதும் உறைத்தது.

மூன்றாவது இல்லம் படப்பையிலேயே, பஸ் போகிற ரோட்டின் மேல், பழைய வீடு. பதினோரு பேர். நடத்துகிறவர் ரெஜினா சிஸ்டர். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அறைகளைக் காட்டவே இல்லை. என்னை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். மாமாவுக்கு எதில் கோபம் வரும், கோபம் வந்தால் யார் சொன்னால் கேட்பார், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமா, சார் என்று கூப்பிட வேண்டுமா. ஆடிட்டரை உட்கார வைத்து ஆடிட் பண்ணினால் எப்படி இருக்கும்? கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. என் ஒரு பக்கத் தாளைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

பிறகு நானாகச் சுற்றிப் பார்த்தேன். பாத்ரூமில் கம்பி உறுதியாக இருந்தது, தரை காய்ந்திருந்தது. அழைப்பு மணியை நானே அமுக்கிப் பார்த்தேன், நான் விரலை எடுப்பதற்குள் ஒரு பெண் ஓடிவந்து நின்றாள். ஆனால் சுவரில் பெயின்ட் உதிர்ந்திருந்தது, கட்டிலுக்கு ஒரு நிறத்தில் போர்வை, ஒருவர் தலைமாட்டில் ஊறுகாய் பாட்டில், இன்னொருவர் மேஜையில் பிரித்துப்போட்ட ரேடியோ. சமையல்கட்டில் தங்கியிருப்பவர்களில் ஒரு அம்மா அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இருபத்தாறுக்கு மேல் போட என் கை வரவில்லை. அரிவாள்மணையைச் சுட்டிக்காட்டி, இது ஆபத்து இல்லையா என்று கறாராகவே கேட்டேன். சிஸ்டர் பக்கத்தில் நிற்கிற பெண்ணைக் காட்டினார், அவள் கண் அந்த அம்மாவின் கையை விட்டு அகலவில்லை. "கமலம்மா முப்பது வருஷம் மெஸ் நடத்தினவங்கம்மா," என்றார். "அருவாமணைய எடுத்து வெச்சிட்டா, அன்னிக்கு அவங்க சாப்பிட மாட்டாங்க."

நாற்காலி

கேட்டைப் பூட்டுவீர்களா என்பதுதான் என் கடைசிக் கேள்வி. பூட்டுவோம், ரோட்டுக்கு அவர் போக மாட்டார், அதற்கு நான் பொறுப்பு என்றார் சிஸ்டர். ஆனால் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலி போடுவோம், நாலே முக்காலுக்கு டீயும் அங்கேயே வரும், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரை உள்ளே இழுத்தால் அவருக்குக் கோபம் வராமல் என்ன வரும் என்று என்னையே கேட்டார். இருபத்தாறு மார்க் இடத்தில் மாமாவைச் சேர்த்தேன்.

சினிமாவில் போல எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதல் நாள் காலை எட்டு மணி வரை நாற்காலியை விட்டு எழவில்லை, பஸ்ஸை விட்டது நீங்கள்தான் என்று எல்லோரையும் ஏசியிருக்கிறார். இரண்டாம் நாள் டீயைத் தட்டிவிட்டார். போனில் இதைக் கேட்டதும், உடனே வந்து கூட்டிப்போய்விடுகிறேன் என்றேன். வீட்டில் அவருடைய ஷேவிங் செட் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. சிஸ்டர் அவசரப்படவில்லை: "உங்க பேப்பர்ல கடைசி வரி என்னமோ எழுதியிருந்தீங்களே, அத இன்னும் நாங்க செய்யலம்மா. ரெண்டு நாள் குடுங்க."

ஷிப்ட் மாற்றம்

ஐந்தாம் நாள், சொல்லாமல் போனேன். பழக்கதோஷம். காலை ஐந்து மணிக்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். கேட்டுக் கம்பிகளுக்கு உள்ளே மாமா, டக்-இன் செய்த சட்டையில், மடியில் டிபன் டப்பாவோடு. பக்கத்தில் ராத்திரி டூட்டிப் பெண் குமாரி. ஐந்தேகாலுக்கு ஒரு கம்பெனி பஸ் வந்தது. மாமா எழுந்து கையைக் காட்டினார். அது நிற்காமல் போயிற்று. ரோட்டைக் கடந்து போய் அவரை அள்ளிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது.

அப்போது குமாரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நேராக நின்றாள். ராத்திரி டூட்டிக்காரர்கள் பகல் டூட்டிக்காரர்களுக்கு ஒப்படைக்கிற நோட்டு அது. மாமாவின் வலது காதுப் பக்கம் குனிந்து, மொத்தம் பன்னிரண்டு பேர், எல்லோரும் தூங்கினார்கள், கமலம்மாவுக்கு மட்டும் இருமல் என்று, எதிர்ப்பக்கம் நின்ற எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக ஒப்பித்தாள். மாமா நோட்டை வாங்கினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "கமலம்மாவ ஹோல்டுல வை," என்றார், சந்தேகமான பாகத்தை ஒதுக்கி வைக்கச் சொல்கிற அதே இன்ஸ்பெக்டர் குரலில். "டாக்டர் பாத்துட்டு சொல்லட்டும்." அடியில் கையெழுத்துப் போட்டார், டப்பாவை குமாரியிடம் கொடுத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பஸ் என்கிற பேச்சே இல்லை. கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிட்டவர் பஸ்ஸுக்கு ஏன் காத்திருக்கப் போகிறார்?

நான் ரோட்டைக் கடந்து கேட்டருகில் போனேன். அழுதுகொண்டுதான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. மாமாவுக்கு என்னைத் தெரிந்தது. வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டி, என் ஹேண்ட்பேக் வாரைத் தோளில் சரியாக ஏற்றிவிட்டார், டிப்ளமோ படித்த நாட்களில் செய்ததைப் போலவே: "எனக்கு ஷிப்ட் ஸ்டார்ட் ஆயிடுச்சி. நீ கெளம்பு கண்ணு, பஸ்ஸ வுட்டுடப் போற."

இப்படியாக இருபத்தாறு மார்க் வாங்கிய இடத்தில் என் மாமா மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முப்பத்தெட்டு வாங்கிய இடத்தில் அந்தப் பதினான்காம் நம்பர் கட்டில் இன்னும் காலியாக இருந்தால், அதில் என் செக்லிஸ்டைச் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.