எதெல்காவின் ரத்தம்

செகெத் நகரில் எங்கள் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக ரத்தம் எடுத்தவள் பிரோஷ்கா. குழந்தைகள்கூட அவளிடம் அழாமல் கையை நீட்டும். அதனால்தான் இரட்டையர் ஆய்வுக்கு டாக்டர் ஹொர்னியாக் அவளையே போட்டார்.

நம் ரத்தத்திலுள்ள டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் தங்கள் மேலிருக்கும் ஏற்பிகளால்தான் கிருமியை அடையாளம் காண்கின்றன. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டு, உடம்பு கோடிக்கணக்கான விதங்களில் அந்த ஏற்பிகளைச் செய்கிறது. ஒரே கருவில் உருவான இருவருக்கு அந்தச் சீட்டு எவ்வளவு ஒத்துவிழும் என்பதுதான் கேள்வி.

மிளகாய் பயிரிடும் இரட்டைச் சகோதரிகள் எதெல்காவும் ரோசாலியாவும் பஸ் பிடித்து வந்தார்கள். எதெல்காவுக்கு நரம்பே கிடைக்கவில்லை. நான்காவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அன்று மாலை ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் சுழல் இயந்திரத்துக்குள் அந்தக் குழாய் கொட்டிவிட்டது. மூடியைச் சரியாக மூடாதவள் பிரோஷ்காதான். மறுபடி கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. ரோசாலியாவின் ரத்தத்தில் பாதியை வேறு குழாயில் ஊற்றி, எதெல்கா என்று எழுதி ஒட்டினாள்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் ஓடிவந்தார்.

"பிரோஷ்கா, இதப் பாரும்மா! ரெண்டு பேருக்கும் அப்படியே ஒத்துப்போகுது. நானே நம்பல. திரும்ப ரத்தம் எடுத்து உறுதி பண்ணிடலாம்."

முடிவைக் கேட்ட சகோதரிகள் தட்டு நிறைய சீஸ் ரொட்டியோடு வந்தார்கள்.

"அறுபது வருஷமா உன்ன மாதிரி இல்லன்னு சண்ட போட்டேன். தோத்துட்டேன்டி!" என்றாள் ரோசாலியா.

எதெல்கா சட்டைக்கையை மடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணே எடுக்கட்டும். போன தடவ ரொம்பப் பொறுமையா எடுத்துச்சு" என்றாள்.

பிரோஷ்கா ஊசியைக் கீழே வைத்தாள். முகம், கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என் ரத்தம் இதுல இல்லவே இல்லியா?" என்றாள் எதெல்கா.

"இல்லம்மா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடுத்த பஸ்ல வந்திருப்பேனே."

பிறகு எதெல்கா, அங்கே அதே வேலை பார்க்கும் என் பக்கம் கையை நீட்டினாள். நான்தான் எடுத்தேன்.

புது முடிவில் இருவரின் ஏற்பிகளும் பெரும்பாலும் வேறுவேறாகவே இருந்தன. டாக்டர் திட்டவில்லை, பிரோஷ்காவை மாதிரிகள் வைக்கும் குளிரறை வேலைக்கு மாற்றினார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. எங்களோடு சாப்பிட வருவதை நிறுத்தினாள். படியில் யாராவது எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கிவிடுவாள்.

ஒருநாள் என்னிடம் மட்டும் கேட்டாள்: "அன்னிக்கு நீ எடுத்தப்போ எதெல்காவுக்கு எத்தன குத்து?"

"மூணு."

"வலிச்சுதாமா?"

"ஒண்ணும் சொல்லல."

தலையை ஆட்டிவிட்டு, குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.